கல்லாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து: சிடிசி பற்றுச்சீட்டு பற்றி ஒரு மளிகைக் கடைக்காரரின் மதிப்புரை

சிங்கப்பூர் அரசாங்கம் சமூக மேம்பாட்டு மன்றங்கள் (சிடிசி) வழியாகக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டைப் பணத்துக்குப் பதிலாகக் கடைகளில் கொடுத்துப் பொருள் வாங்கலாம். அதைப் பற்றிப் பெற்றவர்கள் நிறையப் பேசுகிறார்கள். எந்தக் காப்பிக்கடையில் ஏற்றுக்கொள்கிறார்கள், எந்தப் பேரங்காடியில் என்ன தள்ளுபடி, ஆண்டு முடிவதற்குள் எப்படிச் செலவழித்துத் தீர்ப்பது என்று பேச்சு ஓயாது. அதை வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் வாய் திறப்பது குறைவு. ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. அப்பா நடத்திய கடை. இப்போது நானும் என் மனைவியும் நடத்துகிறோம். கடைக்கு ஒரு பக்கம் ஓரறை, ஈரறை வாடகை வீடுகள். மறுபக்கம் நான்கறை, ஐந்தறைச் சொந்த வீடுகள். இரண்டு பக்கத்தாரும் ஒரே கல்லாவுக்குத்தான் வருகிறார்கள். அரசாங்கம் பணம் செலவழித்தால் ஏழ்மை குறையுமா என்று காப்பிக்கடை மேசைகளில் நடக்கும் வாக்குவாதத்துக்கு என் கல்லாவில் பாதி விடை கிடைக்கிறது. அந்தப் பாதியை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சேவை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நன்றாகவே வேலை செய்கிறது. வீட்டில் ஒருவர் அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக உள்ளே போய்ப் பெற்றுக்கொண்டால் போதும். குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பு வரும். அதை வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அனுப்பிவைக்கலாம். 2, 5, 10 வெள்ளி மதிப்பில் சீட்டுகள் இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துத் திரையைக் காட்டினால் நான் என் கைப்பேசியால் வருடிக்கொள்வேன். மீதிச் சில்லறை கொடுப்பதில்லை. 11 வெள்ளி 40 காசுக்குப் பொருள் வாங்கினால் 11ஐயோ 10ஐயோ சீட்டில் கழித்துவிட்டு மிச்சத்தைக் காசாகத் தருவார்கள். எனக்கு வரவேண்டிய தொகை வங்கிக் கணக்குக்குத் தொல்லையில்லாமல் வந்து சேர்கிறது. கைப்பேசி பழகாத மூத்தோர் சமூக மன்றத்துக்குப் போய்த் தாளில் அச்சடித்து வாங்கி வரலாம். அந்தத் தாளையும் நான் வருடி ஏற்கிறேன். எட்டாம் மாடிப் பாட்டி அந்தத் தாள்களை அடுக்கி, மேலே ஒரு ரப்பர் வளையம் போட்டு, அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். கைப்பேசி இல்லாதவரை வெளியே நிறுத்தாத திட்டம் என்பதாலேயே எனக்கு இதன்மேல் ஒரு மரியாதை.

ஆனால் இதன் மிகப் பெரிய நன்மை தொழில்நுட்பத்தில் இல்லை. 2020இல் இந்தப் பற்றுச்சீட்டு முதன்முதலாக வந்தபோது வசதி குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. கல்லாவில் அதை எடுத்து நீட்டுபவர் யார் என்பது பின்னால் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். சிலர் கூட்டம் கலையும்வரை சோப்பு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். பிறகுதான் வருவார்கள். 2021 டிசம்பரில் எல்லாச் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் 100 வெள்ளி என்று மின்னிலக்க வடிவில் வந்தது. அன்றிலிருந்து அந்தத் தயக்கத்தை நான் பார்க்கவில்லை. ஐந்தறை வீட்டு ஆசிரியரும் வாடகை வீட்டுத் துப்புரவாளரும் ஒரே மாதிரித் திரையைத்தான் நீட்டுகிறார்கள். உதவி வாங்குகிறோம் என்ற கூச்சம் வறியவரின் வாழ்க்கையில் ஒரு செலவு. எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு. அந்தக் கூச்சத்தால் உதவியே கேட்காமல் இருந்துவிடுபவர்களை எனக்குத் தெரியும்.

"தரைவீட்டில் இருக்கும் பணக்காரனுக்கும் அதே தொகை, வாடகை வீட்டில் இருப்பவனுக்கும் அதே தொகை. இது என்ன நியாயம்?" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 800 வெள்ளி என்று அறிவித்தார்கள். மே மாதம் 500, 2026 ஜனவரியில் 300. பெறும் குடும்பங்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஆக 100 கோடி வெள்ளியைத் தாண்டுகிற செலவு. அதில் ஒரு நல்ல பகுதி, அது இல்லாவிட்டாலும் எந்தக் குறையும் இல்லாதவர்களுக்குப் போகிறது என்பது உண்மைதான். வேண்டாதவர்கள் அறநிறுவனங்களுக்கு நன்கொடையாகக் கொடுக்கவும் வழி இருக்கிறது. அப்படிக் கொடுப்பவர்களை மனதார வாழ்த்துகிறேன்.

ஆனாலும் கணக்கை முழுதாகப் போட வேண்டும். பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 2023இல் 8 ஆகவும் 2024இல் 9 ஆகவும் உயர்ந்தது. வாடகை வீட்டுக் குடும்பம் ஒன்று மாதம் 1,500 வெள்ளி செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 2 விழுக்காடு என்றால் மாதம் 30, ஆண்டுக்கு 360 வெள்ளி. மாதம் 10,000 செலவு செய்யும் வீட்டுக்கு அதே கூடுதல் ஆண்டுக்கு 2,400 வெள்ளி. இரண்டு வீட்டுக்கும் 500 வெள்ளி பற்றுச்சீட்டு கொடுத்தால், முதல் வீட்டுக்கு ஏறிய வரி திரும்பி வந்து மேலே கொஞ்சம் மிஞ்சுகிறது. இரண்டாவது வீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் திரும்புகிறது. ஒரே தொகை என்றாலும் ஒரே சலுகை இல்லை. வரியையும் பற்றுச்சீட்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்களுடையது ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குக் குறைவான கடை. வரிப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் மொத்த வியாபாரி என்னிடம் வாங்கும் விலையில் வரி இருக்கிறது. அது கடைசியில் சாம்பார்த்தூள் பொட்டலத்தின் விலையில்தான் வந்து உட்காருகிறது.

இனி என் தொழிலுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். ஏழைகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்பதற்கு நான் நாள்தோறும் பார்க்கிற காரணம் ஒன்று இருக்கிறது: அவர்கள் எல்லாவற்றுக்கும் மற்றவர்களைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். என் கடையில் பொன்னி புழுங்கலரிசி ஒரு கிலோ பொட்டலம் 3 வெள்ளி 20 காசு. அதே அரிசி 10 கிலோ மூட்டை 24 வெள்ளி. கிலோ கிலோவாகப் பத்துத் தடவை வாங்குபவர் 32 வெள்ளி கொடுக்கிறார். எண்ணெய் அரை லிட்டர் 3 வெள்ளி 50 காசு, இரண்டு லிட்டர் 9 வெள்ளி. நாலு அரை லிட்டர் வாங்கினால் 14. எனக்கும் சிறு பொட்டலத்தின் கொள்முதல் விலையே அதிகம். நான் ஒன்றும் வஞ்சித்து வாங்குவதில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால், சர்க்கரை, மாவு, சலவைத்தூள், படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கான டயப்பர் வரைக்கும், மாத மளிகையில் நாலில் ஒரு பங்கு வெறும் "இன்றைக்குக் கையில் இவ்வளவுதான் இருக்கிறது" என்ற காரணத்துக்காகவே போய்விடுகிறது.

அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். மூட்டைதான் மலிவு என்று வாடகை வீட்டு அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாள் கூலியாகவோ வாரக் கூலியாகவோ வரும் பணத்தில் 24 வெள்ளியை அரிசிக்கு மட்டும் ஒரே நாளில் எடுத்து வைத்தால் பிள்ளையின் பஸ் அட்டைக்குப் பணம் இராது. ஈரறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது மூட்டையை வைக்க இடமும் இல்லை. அதனால் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாழ்கிறார்கள்.

பற்றுச்சீட்டு வரும் ஜனவரியில் இது மாறுகிறது. அந்த மாதம் வாடகை வீட்டுப் பக்கத்திலிருந்து 10 கிலோ மூட்டைக்கும் 2 லிட்டர் எண்ணெய்க்கும் ஆள் வருகிறது. பள்ளி திறக்கும் மாதம், பொங்கல் மாதம். வெல்லமும் பச்சரிசியும் முந்திரியும் கடன் இல்லாமல் வாங்குகிறார்கள். சென்ற பொங்கலுக்கு எட்டாம் மாடிப் பாட்டி தாள் சீட்டுகளைக் கல்லாவில் எண்ணி வைத்துவிட்டு, "தம்பி, இந்த வருஷம் கரும்பு முழுசாகவே கொடு" என்றார். இரண்டடித் துண்டாக வாங்கிப் போனவர். தோளில் சாத்திக்கொண்டு மின்தூக்கிக்குப் போனார்.

எங்களிடம் ஒரு பற்று நோட்டு உண்டு. அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது. சம்பளம் வரும்வரை கடனாகப் பொருள் கொடுத்து எழுதிவைப்பது. இன்றைய பொருளியல் அறிஞர்கள் ஆய்வு நடத்தித் தெரிந்துகொள்வதைப் பற்று நோட்டு வைத்திருக்கும் கடைக்காரன் உட்கார்ந்த இடத்திலேயே படிக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் நோட்டில் வரவு ஏறும்; மார்ச் முடிவில் பழையபடி கடன் ஏறத் தொடங்கும். வாடகை வீட்டுக் குடும்பங்கள் தங்கள் பங்கைச் சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. ஐந்தறை வீட்டார் டிசம்பர் கடைசி வாரத்தில், காலாவதியாகிவிடுமே என்று, முந்திரியும் பாதாமும் வாங்க வருகிறார்கள். இந்த ஒரு வேறுபாடே யாருக்கு இந்தப் பணம் உயிர், யாருக்கு இது உபரி என்பதைச் சொல்லிவிடுகிறது.

"இலவசமாகக் கொடுத்தால் குடித்துத்தான் அழிப்பார்கள்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பற்றுச்சீட்டில் மதுவும் சிகரெட்டும் வாங்க முடியாது, விதி அப்படி. ஆனால் விதி மட்டும் போதாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அரிசியைச் சீட்டில் வாங்கினால், அரிசிக்கு வைத்திருந்த காசு கையில் மிஞ்சுகிறது. அந்தக் காசு எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கே போகிறது? என் கடையில் பீரும் இருக்கிறது, சிகரெட்டும் இருக்கிறது. பற்றுச்சீட்டு வரும் மாதங்களில் வாடகை வீட்டுப் பக்கத்தார் வாங்கும் பீர் கூடுவதை நான் பார்த்ததில்லை. கூடுவது வேறு: பழைய பாக்கி அடைகிறது, மின் கட்டணத்துக்கு வைத்திருக்கிறேன் என்று ஐம்பது வெள்ளித் தாளை மடித்துப் பர்சின் உள்ளறையில் வைக்கிறார்கள், பிள்ளைக்குப் புதுக் காலணி வருகிறது. குடிப்பவர் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். சொந்த வீட்டுக்காரர் குடித்தால் அது அவர் விருப்பம், வாடகை வீட்டுக்காரர் குடித்தால் அது அவர் ஏழ்மைக்குக் காரணம் என்று பேசுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

உண்மையான காரணங்கள் வேறு. கடைக்கு வருபவர்களை வைத்தே சொல்கிறேன். லாரி ஓட்டிய ஒருவருக்குச் சர்க்கரை நோய் முற்றிக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டின் முதல் சம்பளம் ஒரே மாதத்தில் நின்றது. மனைவி பகுதிநேரத் துப்புரவு வேலை. முழுநேரம் போகலாம், ஆனால் அவரைக் குளிப்பாட்டி, ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப்போக வேறு ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் கணவர் விட்டுப்போன பிறகு மூன்று பிள்ளைகளோடு அம்மா வீட்டு வரவேற்பறையில் தங்கியிருக்கும் பெண். இரவு வேலைக்குக் கூடுதல் சம்பளம் தருகிறார்கள், பிள்ளைகளை யாரிடம் விடுவது? உணவு விநியோகம் செய்யும் இளைஞர், மழை பெய்தால் நல்ல வருமானம், காய்ச்சல் வந்தால் வருமானமே இல்லை. அவர்களைப் போன்ற இணையத் தள ஊழியர்களுக்கென 2025 ஜனவரி முதல் தேதி சட்டம் நடப்புக்கு வந்தது. 1995இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதிச் (மசேநிதி) சந்தா கட்டாயமானது. நல்லதுதான். ஆனால் அதற்கு முன்பே பத்து வருஷம் ஓட்டியவருக்குச் சேமிப்பு எங்கே இருக்கிறது? இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. காலை ஐந்தரை மணிக்கு நான் கதவைத் தூக்கும்போது முதல் பஸ்ஸுக்கு நடந்துபோகிறவர்கள் இவர்கள்தான்.

சிங்கப்பூரில் அதிகாரபூர்வமான வறுமைக்கோடு கிடையாது. ஹாங்காங் 2013இல் ஒன்றை வகுத்தது. இங்கே அரசாங்கம் ஒரே கோடு வேண்டாம், பல படிகளாக உதவி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு கோடு போட்டால் அதற்கு ஒரு வெள்ளி மேலே இருப்பவர் விடுபட்டுப்போவார் என்ற அச்சம் நியாயமானதே. ஆனாலும் ஓர் அளவு இல்லாமல் போதுமா போதாதா என்று எப்படிச் சொல்வது? இங்குள்ள ஆய்வாளர்கள் சிலர் சாதாரண மக்களையே உட்காரவைத்து, மரியாதையோடு வாழ என்னென்ன தேவை என்று பட்டியல் போடச் சொல்லிக் கணக்கெடுத்தார்கள். 65 வயதாகியோ அதைத் தாண்டியோ தனியாக வாழ்பவருக்கு மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று 2019இல் வெளியிட்டார்கள். தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 6,693 என்று 2023இல் சொன்னார்கள். அந்தத் தொகை கூடுதல் என்று அரசாங்கம் வாதிட்டது. கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 300 வெள்ளியோ 500 வெள்ளியோ ஆண்டுக்கு ஒருமுறை வருவது எந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும். பற்றுச்சீட்டு ஏழ்மையை நீக்காது. நீக்குவதற்காக அது செய்யப்படவும் இல்லை.

நீக்குவது எது? என் பற்று நோட்டில் எட்டுப் பத்து ஆண்டுகளாக ஒரு மாற்றம் தெரிகிறது. துப்புரவு வேலை செய்பவர்களின் கடன் குறைந்திருக்கிறது. சிலருடைய பக்கம் காலியாகவே இருக்கிறது. காரணம் பற்றுச்சீட்டு இல்லை, சம்பளம். படிப்படியாக உயரும் சம்பள முறை 2014இல் துப்புரவுத் துறையில் வந்தபோது அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி. 2023 ஜூலையில் அது 1,570 ஆனது. ஆண்டுதோறும் ஏறி 2028இல் 2,420ஐத் தொட வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். பாதுகாவல், தோட்டப் பராமரிப்பு, சில்லறை விற்பனை, உணவுச் சேவை, கழிவு மேலாண்மை என்று மற்றத் துறைகளுக்கும் அது பரவியது. முதலாளிகள் தாங்க மாட்டார்கள் என்று சொன்னபோது உயர்வில் ஒரு பங்கை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 2025இல் 40 விழுக்காடு, 2026இல் 20 விழுக்காடு. இதுவும் அரசாங்கச் செலவுதான். கையில் சீட்டாக வராததால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

குறைந்த சம்பளக்காரருக்கு அரசாங்கம் மேலே ஒரு தொகை சேர்த்துத் தரும் வேலைநலன் துணை வருமானத் திட்டமும் அப்படித்தான். 2007இலிருந்து இருக்கிறது. 2025இலிருந்து மாதம் 3,000 வெள்ளிவரை சம்பாதிப்பவர்கள் தகுதி பெறுகிறார்கள். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஆண்டுக்கு 4,900 வெள்ளிவரை கிடைக்கலாம். ஊழியர்களுக்கு அதில் பத்தில் நாலு பங்குதான் ரொக்கம், மற்றது மசேநிதிக்குப் போகிறது. பிற்காலத்துக்கு நல்லது என்பது சரி. ஆனால் இன்றைக்கு அரைக் கிலோவாக அரிசி வாங்குகிறவருக்கு அந்த ஆறு பங்கின் மேல் ஒரு ஏக்கம் இருக்கத்தான் செய்யும். பாதிக்குப் பாதியாகவாவது ரொக்கம் வரலாம் என்பது என் கருத்து.

பற்றுச்சீட்டின் குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது, வீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. தனியாக வாழும் பாட்டிக்கு 500 வெள்ளி. ஏழு பேர் உள்ள வீட்டுக்கும் அதே 500. ஆளுக்கு 71 வெள்ளி. பிள்ளைகள் நிறைந்த வீடுகளில்தான் நெருக்கடி அதிகம், அந்த வீடுகளுக்குத்தான் ஆளுக்குக் கிடைப்பது குறைவு. ஆள் கணக்கில் கொடுக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. நாட்டின் 60ஆம் ஆண்டுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டை 2025 ஜூலையில் அப்படித்தான் கொடுத்தார்கள்: 21 முதல் 59 வயதுவரை 600, 60 வயதும் அதற்கு மேலும் என்றால் 800. பிள்ளைகளுக்குத் தனியாக அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலி வழியாகத் தொகையும் கல்விக் கணக்கில் நிரப்பலும் வந்தன. அந்த ஆண்டு அந்த ஏழு பேர் வீட்டில் எனக்குக் கடன் பாக்கி இல்லை. அந்த முறையை ஒரு கொண்டாட்ட ஆண்டோடு நிறுத்திவிடாமல் சிடிசி பற்றுச்சீட்டுக்கும் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, பாதிக்குப் பாதிப் பிரிப்பு. பாதித் தொகை பேரங்காடிகளுக்கு, பாதி உணவங்காடிக்கும் எங்களைப் போன்ற குடியிருப்புப் பேட்டைக் கடைகளுக்கும். இந்தப் பிரிப்பால் பிழைக்கும் கடைகளில் எங்களுடையதும் ஒன்று. அதனால் இது என் நலன் சார்ந்த பேச்சு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பேரங்காடி இல்லாத புளோக்கில் முட்டி வலியோடு இருக்கும் முதியவருக்குக் கீழ்த்தளத்துக் கடை மூடிப்போனால் ஒரு கட்டு வெங்காயத்தாளுக்குக்கூட பஸ் ஏற வேண்டும். அதைத் தடுக்க அரசாங்கம் செலவழிக்கிறது என்றால் அந்தச் செலவு தகும்.

மூன்றாவதைக் குறை என்பதைவிட எல்லை என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் கடையை நிறைப்பவர்கள் விடுதிகளிலிருந்து வரும் ஊழியர்கள். பெரம்பலூர், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். "அண்ணே, இந்தச் சீட்டு எங்களுக்கு இல்லையா?" என்று புதிதாக வந்தவர் ஒருவர் கேட்பார்; பக்கத்தில் நிற்பவர் இல்லை என்று சொல்லிவிடுவார். குடிமக்களுக்கான திட்டம், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தப் புளோக்குகளை எழுப்பியவர்கள் காசை எண்ணி எண்ணி ஊறுகாய் வாங்குவதைப் பார்க்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. அவர்கள் வாங்கும்போது நான் காசை மேல்நோக்கிக் கூட்டுவதில்லை, கீழ்நோக்கித்தான் குறைக்கிறேன்.

திடீரென்று நொடித்துப்போகும் குடும்பங்களுக்கு இந்தச் சீட்டு போதாது. அவர்களுக்கென்று காம்கேர் நிதியுதவி 2005இலிருந்து இருக்கிறது, சமூக சேவை அலுவலகங்கள் இருக்கின்றன. முதல் அலுவலகங்கள் 2013இல் திறந்தன. எங்களுக்குப் பக்கத்தில் தாமான் ஜூரோங்கிலும் ஒன்று உண்டு. லாரி ஓட்டியவர் குடும்பத்துக்கு அந்த உதவி கிடைத்தது. மாதாமாதம் வருவது என்பதால் ஜனவரியில் வரும் சீட்டைவிட அதுதான் அந்த வீட்டைத் தாங்கியது. தேவையை நிரூபிக்க வேண்டிய உதவி எதற்கும் தாள்கள் வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடியும் பார்ப்பார்கள். நாள் கூலிக்காரருக்கு அலுவலகத்துக்குப் போகும் அரை நாளும் கூலி இழப்பு. அதனால்தான், எதையும் நிரூபிக்காமல் கைக்கு வருகிற இந்தச் சின்னத் தொகையின் மதிப்பை நான் குறைத்துப் பேசுவதில்லை. ஆழமாகப் போகும் உதவி ஒரு சிலருக்கு, அகலமாகப் பரவும் உதவி எல்லாருக்கும், இரண்டுக்கும் அடியில் ஒழுங்கான சம்பளம். இந்த மூன்றில் சம்பளத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆனால் வேலைக்கே போக முடியாத பாட்டிக்குச் சம்பள உயர்வால் என்ன பயன்?

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துக் கொடுத்தால் மீதி ஒன்றையும் தருவேன். ஜனவரியில் ஒன்றும் பிள்ளைகளின் ஆண்டு நடுப் பள்ளி விடுமுறையின்போது ஒன்றும் என்று இரண்டு தவணையாக ஒவ்வோர் ஆண்டும் நிச்சயமாக வருமானால் இன்னும் நல்லது. 2025இல் தற்செயலாக அப்படி அமைந்தது. ஜனவரியில் 300, மே மாதம் 500. அந்த ஆண்டு நோட்டில் மார்ச் மாதக் கடன் ஏறிக்கொண்டே போகாமல் ஜூனில் இறங்கியது. எப்போது எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வாடகை வீட்டு அக்காக்கள் நம் எல்லாரையும்விடத் திறமையாகத் திட்டமிடுவார்கள்.

இந்த ஜனவரியில் வந்திருக்கும் 300 வெள்ளி 2026 டிசம்பர் 31 வரை செல்லும். பேரங்காடிக்கு 150, எங்களைப் போன்ற கடைகளுக்கும் உணவங்காடிக்கும் 150. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தனியாக இருக்கும் மூத்தோர் பெற்றுக்கொண்டார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சிங்பாஸ் கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால் அடையாள அட்டையோடு சமூக மன்றத்துக்கு அழைத்துப்போனால் அங்கேயே உதவுவார்கள், தாளிலும் அச்சடித்துத் தருவார்கள். வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தொகை வந்துவிட்டால், முதல் செலவாக மூட்டை அரிசியை வாங்கச் சொல்லுங்கள். தூக்க முடியாதவர்களுக்கு நாங்களே மாடிக்குக் கொண்டுவந்து தருகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை.